கல்லாவை மூடும் முன் கால் மணி நேரம்

சித்திரையில் புதுக் கணக்கு போடுகிறோம். பேரேட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, 'லாபம்' என்று எழுதிக் கற்பூரம் காட்டிக் கும்பிடுகிறோம். அன்றைக்கு நம் மனத்துக்குள்ளும் ஒரு கணக்கு ஓடுகிறது. இந்த வருடம் வெளியில் நிற்கும் பாக்கியை எல்லாம் வசூல் செய்துவிட வேண்டும்; வட்டிக்கு வாங்கியதை அடைத்துவிட வேண்டும்; கடைக்குப் பின்னால் ஒரு சின்ன குடோன் போட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறோம். ஆடிப்பெருக்கு வருவதற்குள் அந்த நினைப்பு எங்கே போயிற்று என்று தெரிவதில்லை. அடுத்த சித்திரையில் அதே நினைப்பு, அதே மஞ்சள்.

இது சோம்பேறித்தனத்தால் வருவது என்று சொல்ல மாட்டோம். காலை 6 மணிக்குக் கடை திறந்து இரவு 10 மணிக்குப் பூட்டுகிற மளிகைக்காரரைச் சோம்பேறி என்று யார் சொல்ல முடியும்? நாம் குறிக்கோளை வருடக் கணக்கில் வைக்கிறோம். ஆனால் வாழ்வதோ நாள் கணக்கில். வருடத்துக்கு என்று வைத்த குறிக்கோளில் இன்றைக்குச் செய்ய வேண்டிய பங்கு எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அதைப் பிரித்துக்கொள்ளக் கற்றவர்கள் எப்படி முன்னேறினார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில் எங்கள் கதையையே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் மண்டியில் நடந்தது

நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் பள்ளிப் படிப்போடு வியாபாரத்துக்கு வந்தவர்கள். 1986-இல் சேலம் லீ பஜாரில் சிறிய மண்டி ஒன்று எடுத்துப் பருப்பு, மிளகாய், புளி வியாபாரம் தொடங்கினோம். வாய்ச் சொல்லை நம்பிச் சரக்கு கொடுத்தோம். 1993 தீபாவளி முடிந்து பேரேட்டைக் கூட்டிப் பார்த்தால், 63 கடைகளில் 1,84,000 ரூபாய் நின்றது. எங்கள் முதலே ஏறக்குறைய அவ்வளவுதான். கொள்முதல் செய்த இடங்களில் தவணை நெருங்கிவிட்டது. வீட்டுப் பெண்களின் நகைகளை அடகு வைத்துத்தான் அந்தத் தவணையைக் கட்டினோம்.

கோபம் வந்தது. ஒரே மாதத்தில் முழுப் பாக்கியையும் வசூல் செய்துவிடுவது என்று முடிவு கட்டினோம். வாடகைக்கு வேன் பிடித்து ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி என்று ஊர் ஊராகப் போனோம். கடை வாசலில் நின்று சத்தம் போட்டோம். மாத முடிவில் வந்தது 21,000 ரூபாய். 9 கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு மண்டிக்குப் போய்விட்டார்கள். பாக்கியும் அவர்களோடு போய்விடும் போலிருந்தது.

அந்தச் சமயத்தில் ஓமலூர்ப் பக்கத்து மளிகைக்காரர் ஒருவர், எங்களைவிட இருபது வயது மூத்தவர், சரக்கு எடுக்க வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். "தம்பி, இந்தப் பாக்கி ஒரே நாள்லயா ஏறுச்சு? தினம் கொஞ்சம் கொஞ்சமாத்தானே ஏறுச்சு. ஏறின படியிலயே இறங்குங்க" என்றார்.

அன்று மாலை முதல் ஒரு பழக்கம் வைத்தோம். விளக்கு வைத்ததும் பேரேட்டைத் திறந்து மூன்று பேர் கணக்கை மட்டும் எடுப்பது. அந்த மூவருக்கும் அஞ்சலட்டை எழுதுவது. அதில் 'பணம் அனுப்பு' என்று எழுதுவதில்லை. எந்தத் தேதியில் என்ன சரக்கு, எவ்வளவு வரவு, எவ்வளவு நிலுவை என்று எழுதி, 'இந்த வாரம் தங்களால் எவ்வளவு முடியும்?' என்று கேட்போம். சரக்கு எடுக்க வருபவரிடம் ரொக்க விலையோடு ஐம்பதோ நூறோ பழைய பாக்கியில் வரவு வைத்துக்கொள்வோம். இவ்வளவுதான் வேலை. கால் மணி நேரம் ஆகும்.

முதல் மாதம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. மூன்றாவது மாதம் முதல் வரத் தொடங்கியது. 26 மாதத்தில் 1,30,000 ரூபாய் வசூலாயிற்று. கணக்குப் பார்த்தால் ஒரு மாலைக்குச் சராசரி 200 ரூபாய். மீதி 33,000-ஐ வாராக் கடன் என்று எழுதித் தள்ளினோம். 1996 மாசியில் நகைகள் வீட்டுக்கு வந்தன.

பணத்தைவிட வேறு ஒரு லாபமும் கிடைத்தது. தினமும் கணக்கைப் பார்த்ததால், நான்கு பேர் கணக்கில் தவறு எங்கள் பக்கமே இருந்தது தெரிந்தது. ஒருவர் கொடுத்த பணத்தை வேறொருவர் பெயரில் வரவு வைத்திருந்தோம். நாங்கள் அவர் வாசலில் போய்ச் சத்தம் போட்டிருக்கிறோம்! அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் குடும்பம் இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறது.

இரண்டு மூட்டையில் தொடங்கிய தொழில்

எங்கள் கதை ஒரு மண்டியின் கதை. இதைவிடப் பெரிய சான்று நம் கடைகளில் மூட்டையாகவே இருக்கிறது. அதுதான் ஜவ்வரிசி.

மரவள்ளி என்கிற நம் குச்சிக்கிழங்கு கேரளத்தில் அதிகம் விளைந்த பயிர். கருவாட்டு வியாபாரத்துக்காக அடிக்கடி கேரளம் போய்வந்த சேலம் மாணிக்கம் செட்டியார் அவர்கள், அங்கே மரவள்ளி மாவைப் பார்த்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1942-இல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. கடல் வழியே வந்துகொண்டிருந்த மாவும் ஜவ்வரிசியும் நின்றுபோயின. தேவை இருக்கிறது, சரக்கு இல்லை. மலேயாவின் பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் என்பவருக்கு ஜவ்வரிசி செய்யும் விதம் தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்து 1943-இல் சேலத்தில் கைத்தொழிலாக இதைத் தொடங்கினார்கள்.

எப்படி? கிழங்கைத் தோல் சீவி அரைத்து, துணியில் பாலை வடிகட்டி, மாவைப் படியவிட்டு, ஈர மாவைக் குலுக்கிக் குருணையாக உருட்டி, சட்டியில் வறுத்து, வெயிலில் காயவைத்தார்கள். ஒரு நாளைக்குக் கிடைத்தது 100 கிலோ மூட்டை இரண்டு. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த இரண்டு மூட்டையைத் தினமும் செய்தார்கள். தினமும் செய்ததால்தான் எங்கே கை தாமதமாகிறது, எந்த வேலைக்கு யந்திரம் வேண்டும் என்பது தெரிந்தது. வெங்கடாசலக் கவுண்டர் என்ற யந்திர நுணுக்கம் அறிந்தவர் அரைப்பதற்கும் மற்ற வேலைகளுக்கும் கருவிகளைச் சீர்செய்து கொடுத்தார். உற்பத்தி நாளுக்கு 25 மூட்டை வரை உயர்ந்தது.

தடையும் வந்தது. 1944-இல் உணவுத் தட்டுப்பாடு. ஜவ்வரிசி செய்யக் கூடாது, சேலத்துக்கு வெளியே விற்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர் உத்தரவு போட்டார். தனி மனிதர்களாக இருந்திருந்தால் தொழில் அன்றே முடிந்திருக்கும். உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து, சிவில் சப்ளை ஆணையர் வரை முறையிட்டு, அந்தத் தடையை நீக்கச் செய்தார்கள். 1949-இல் 45 என்றிருந்த தொழிற்கூடங்கள் 1957-இல் 125 ஆயின.

அதன் பிறகும் ஒரு கஷ்டம் இருந்தது. சரக்கை வைத்துக் காக்க குடோன் இல்லை, கையில் பணம் இல்லை. அதனால் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நிலை. இதற்காக 1981-இல் 'சேகோசர்வ்' என்று நாம் சொல்லும் கூட்டுறவு விற்பனைச் சங்கம் பதிவு செய்யப்பட்டு 1982-இல் இயங்கத் தொடங்கியது. சரக்கை குடோனில் வைத்து, மாதிரியைச் சோதித்து, இரகசிய டெண்டர் முறையில் விற்கும் வழி பிறந்தது. இன்று மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விரத நாளில் சாப்பிடும் சாபுதானா பெரும்பாலும் நம் சேலம், நாமக்கல் பகுதிச் சரக்கு. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இரண்டு மூட்டைக்கும் புவிசார் குறியீட்டுக்கும் நடுவில் 80 வருடங்கள். 1943-இல் யாரும் இவ்வளவு தூரத்துக்குத் திட்டம் போட்டிருக்க முடியாது. அன்றைய கிழங்கை அன்றே அரைத்தார்கள். பறித்த குச்சிக்கிழங்கு நாள் கணக்கில் காத்திருக்காது, கெட்டுவிடும். நம் நல்ல எண்ணமும் அப்படித்தான்.

தினம் இரண்டு அணா

சரி, முதலே இல்லாதவர் என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்கும் ஒரு சான்று உண்டு.

உடுப்பி அந்தக் காலத்தில் நம் சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்த ஊர். அங்கே 1925-இல் மூன்று பேர் சேர்ந்து 8,000 ரூபாய் முதலில் ஒரு வங்கி தொடங்கினார்கள். கைத்தறி நெசவாளர்கள் நொடித்திருந்த காலம் அது. பின்னாளில் சிண்டிகேட் வங்கி என்று பெயர் பெற்றதும், 2020-இல் கனரா வங்கியோடு இணைக்கப்பட்டதும் அந்த வங்கிதான். அவர்கள் 1928-இல் 'பிக்மி டெபாசிட்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வங்கியின் முகவர் தினமும் வீட்டுக்கும் கடைக்கும் வந்து இரண்டு அணாவாக வாங்கிப்போவார்.

இரண்டு அணா எட்டு நாள் சேர்ந்தால் ஒரு ரூபாய். வருடத்தில் 45 ரூபாய்க்கு மேல். அன்றைய ஏழை நெசவாளிக்கு அது பெரிய தொகை. ஒரே தடவையில் 45 ரூபாய் கட்டு என்றால் அவரால் முடியாது. இரண்டு அணா என்றால் முடியும். இதில் நாம் கவனிக்க வேண்டியது, முகவர் வாசலுக்கே வந்தார் என்பதுதான். வங்கிக்கு நடந்து போய்க் கட்டு என்றிருந்தால் பத்து நாளில் பழக்கம் விட்டுப்போயிருக்கும். நல்ல காரியத்தைச் சுலபமாக்கி வைத்தால்தான் அது தினமும் நடக்கும்.

கோழிப் பண்ணை சொல்லும் பாடம்

தினமும் செய்தும் பலன் தெரியவில்லையே என்று நடுவில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் நாமக்கல் பக்கம் போய் ஒரு கோழிப் பண்ணையைப் பார்க்க வேண்டும். குஞ்சு இறக்கி ஏறக்குறைய 20 வாரம் தீனி போட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும். அதுவரை ஒரு முட்டை கிடையாது. 15-ஆவது வாரத்தில் ஒருவர் 'இவ்வளவு தீனி போட்டும் ஒன்றும் காணோம்' என்று தீனியை நிறுத்தினால், அவர் 15 வாரச் செலவையும் இழந்தவர் ஆவார்.

முட்டையிடத் தொடங்கிய பிறகும் ஒரு நாளைக்கு ஒன்றுதான். அப்படியே வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. அந்த ஒற்றை முட்டைகளை நம்பித்தான் நாமக்கல்லில் இத்தனை பண்ணைகள், தீவன ஆலைகள், லாரிகள் எல்லாம். முட்டை விலை பண்ணைக்காரர் கையில் இல்லை. அது ஏறும், இறங்கும். தீனி வைப்பது மட்டும் அவர் கையில் இருக்கிறது. விலை இறங்கிய நாளிலும் அவர் தீனி வைக்கிறார்.

மன உறுதி என்பது எது?

இங்கேதான் மனத்தைப் பற்றிய பேச்சு வருகிறது. மன உறுதி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சபதம் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் வேன் எடுத்துப் போனபோது எங்களுக்கு ஆவேசம் நிறைய இருந்தது. பலன் 21,000 ரூபாயும் ஒன்பது பேர் பகையும். அஞ்சலட்டை எழுதிய 26 மாதத்தில் ஆவேசமே இல்லை. பல மாலைகளில் சலிப்புத்தான் இருந்தது. சலிப்போடும் எழுதினோம்.

ஆகவே மனத்துக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்று எத்தனை பேர் கடைக்கு வருவார்கள் என்பது நம் கையில் இல்லை. எதிரே புதிதாக சூப்பர் மார்க்கெட் வருவதும், கைபேசியில் ஆர்டர் கொடுத்தால் வீட்டுக்கே மளிகை வருவதும் நம் கையில் இல்லை. இன்று மாலை மூன்று பேர் கணக்கைப் பார்ப்பது நம் கையில் இருக்கிறது. கையில் இல்லாததை நினைத்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட, கையில் இருப்பதைச் செய்துவிட்டுத் தூங்கலாம்.

நம் கடையில் எதைத் தொடங்கலாம்?

எங்களுக்குத் தெரிந்த ஐந்தைச் சொல்கிறோம். ஐந்தையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். தங்கள் கடைக்கு எது அவசரமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பாக்கி: தினமும் மூன்று பெயர். அஞ்சலட்டைக்குப் பதில் இன்று கைபேசி இருக்கிறது. கணக்கைத் தெளிவாக அனுப்பி, எவ்வளவு முடியும் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

2. சரக்கு: தினமும் ஒரு அடுக்கு. பழையதை முன்னால் வைத்துப் புதியதைப் பின்னால் தள்ளுங்கள். காலாவதித் தேதி பாருங்கள். பருப்பில் வண்டு, மாவில் புழு இருந்தால் அன்றே ஒதுக்குங்கள். 30 அடுக்கு உள்ள கடை ஒரு மாதத்தில் முழுவதும் சுத்தமாகிவிடும்.

3. 'இல்லை' நோட்டு: வாடிக்கையாளர் கேட்டு நாம் 'இல்லை' என்று சொன்ன சரக்கை அப்போதே ஒரு நோட்டில் குறியுங்கள். வாரக் கடைசியில் பார்த்தால் எதை வாங்கி வைக்க வேண்டும் என்று தெரியும். அடுத்த கடைக்குப் போகும் வாடிக்கையாளர் பெரும்பாலும் இப்படித்தான் போகிறார்.

4. சேமிப்பு: தினமும் 100 ரூபாய் எடுத்து வைத்தால் வருடத்தில் 36,500 ரூபாய். முடியாதவர் 20 ரூபாய் வையுங்கள். அதுவும் 7,300 ஆகும். சேர்ந்ததை வங்கியிலோ அஞ்சலகத் தொடர் வைப்பிலோ போடுங்கள். பதிவு இல்லாத சீட்டில் போட்டு இழக்க வேண்டாம்.

5. வீட்டுச் செலவு: கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் பணத்தை, பத்து ரூபாயானாலும், எழுதுங்கள். 'வியாபாரம் நடக்கிறது, பணம் நிற்கவில்லை' என்பவர்களில் பலருக்கு விடை இந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

இதை நிலைக்க வைக்க எங்கள் அனுபவத்தில் சில வழிகள் உண்டு. புது வேலையை ஏற்கனவே உள்ள வேலையோடு கட்டுங்கள். விளக்கு வைத்ததும், அல்லது கல்லாவை எண்ணியதும் என்று வைத்தால் மறக்காது. சலிப்பான நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குச் சிறிதாக வையுங்கள். செய்த நாளுக்குக் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். கல்யாணம், திருவிழா, காய்ச்சல் என்று ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் சேர்த்து இரண்டாகச் செய்ய முயலாதீர்கள். வழக்கமானதை மட்டும் செய்யுங்கள். ஆனால் இரண்டாவது நாளும் விடாதீர்கள். ஒரு நாள் விட்டது மறதி. மூன்று நாள் விட்டால் அதுவே பழக்கமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை

சிறு துளி பெரு வெள்ளம் என்பது இரண்டு பக்கமும் வெட்டும். எடையில் ஐந்து கிராம் குறைவதும், நேற்றைய சரக்கை இன்றைய விலையில் தள்ளுவதும், வாடிக்கையாளர் நிற்கும்போது கைபேசியில் பேசிக்கொண்டிருப்பதும் சின்ன விஷயங்களே. அவையும் தினமும் சேரும். ஜவ்வரிசித் தொழிலிலேயே, வெண்மைக்காக ரசாயனம் சேர்ப்பதாகவும் மக்காச்சோள மாவு கலப்பதாகவும் பிற்காலத்தில் புகார்கள் எழுந்து, உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனைகள் நடந்தன. சிலர் செய்த காரியம் எல்லோர் பெயரையும் பாதித்தது. வருடக் கணக்கில் சேர்த்த பெயரை மூட்டை மூட்டையாக இழக்கவும் முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தினசரிப் பழக்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஊருக்கு வெளியே புறவழிச் சாலை போட்டால் பழைய சாலையோரக் கடைக்கு வியாபாரம் குறையத்தான் செய்யும். ஆனால் தினமும் கணக்குப் பார்ப்பவருக்கு அது மூன்றாவது மாதமே தெரிந்துவிடும். கையில் முதல் இருக்கும்போதே வேறு இடமோ வேறு சரக்கோ பார்க்கலாம். பார்க்காதவருக்கு மூன்றாவது வருடம், கடன்காரர் வந்து சொன்ன பிறகுதான் தெரியும். தனி ஆளாகத் தீர்க்க முடியாததை 1944-இல் செய்ததுபோல் கூடித்தான் தீர்க்க வேண்டும். மே 5 வணிகர் தினத்தன்று மட்டும் கூடிக் கலைவதும் ஒரு நாள் சபதம் போன்றதுதான். மாதக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவதும், சந்தாவைத் தவணை தவறாமல் கட்டுவதும் சங்கத்துக்கு நாம் போடும் இரண்டு அணா.

அந்த ஓமலூர் மளிகைக்காரர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் மகன் கடையில் இன்றும் மாலை ஆறரை மணிக்குப் பேரேடு திறக்கப்படுகிறது. எங்கள் மண்டியில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, ஜி.எஸ்.டி. வந்துவிட்டது, பணம் கைபேசி வழியாக வருகிறது. ஆனாலும் விளக்கு வைத்ததும் மூன்று பெயர் பார்க்கும் பழக்கத்தை விடவில்லை. இப்போது அந்த வேலையை எங்கள் பிள்ளைகள் செய்கிறார்கள்.

அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு ஷட்டரை இழுக்கும் முன் ஒரு கால் மணி நேரம் உட்காருங்கள். பேரேட்டைத் திறந்து மூன்று பெயரைப் பாருங்கள். நாளை இரவும் அதே நேரத்தில் உட்காருங்கள்.